தோணிப் பட்டறையில் ஒரு ரயில் பெட்டி

புதுக்கோட்டை என்ற பலகையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருநெல்வேலியில் 'தூத்துக்குடி, தூத்துக்குடி' என்று கூவித்தான் கண்டக்டர் என்னை பஸ்ஸில் ஏற்றியிருந்தார். நான் வரைபடத்தில் பார்த்து வைத்திருந்த புதுக்கோட்டையோ வடக்கே, திருச்சிக்குக் கீழே இருக்கிறது. சூட்கேஸும் கையுமாக ஒரு வெளிநாட்டுக்காரன் தனியாக மாட்டினான், எங்கேயோ கடத்திக்கொண்டு போகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். பஸ்ஸும் சொல்லி வைத்த மாதிரி அங்கேயே டயர் வெடித்து நின்றது.

"இது எந்தப் புதுக்கோட்டை?" என்று கண்டக்டரை மடக்கினேன்.

"இங்கன உள்ள புதுக்கோட்டைதான் அண்ணாச்சி. தூத்துக்குடி இந்தா வந்துட்டு. டயரு மாத்துத வரைக்கும் எறங்கி ஒரு டீ குடிங்க."

சூட்கேஸை இரண்டு கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு டீ குடித்தேன். தூத்துக்குடி உண்மையிலேயே கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

சந்தேகம் என் உடம்போடு பிறந்தது. 'நீங்க கோயில் விபூதியக்கூட மோந்து பாத்துத்தான் பூசுறீங்க' என்பாள் என் மனைவி. மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில், ஈயச் சுரங்கம் மூடிப்போன ஒரு சிற்றூர் எங்களுடையது. அங்கே சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. கரி எஞ்சின் ஒன்று, மரப்பெட்டிகள் சில. அந்தப் பெட்டிகளைப் பராமரிக்கும் தச்சுக் கொட்டகைக்கு நான் மேலாள். எனக்குக் கீழே மூன்று தச்சர்கள்.

எங்கள் பெட்டிகளில் ஒன்றைக் கரையான் தின்றுவிட்டது. வேறு பெட்டி வேண்டும். எங்கள் முதலாளியம்மா ஒரு சீனப் பெண்மணி. முதலாளியை நாங்கள் தவுக்கே என்போம். அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒரு தொழிற்சாலை தகரத்தில் பெட்டி செய்து, அதன் மேல் மர ரேகை அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டித் தருவதாகச் சொன்னது. மலிவு, மழை வெயிலுக்கு அசையாது, தச்சனே வேண்டாம். இன்னொன்று தூத்துக்குடியிலிருந்து வந்த செய்தி: 'பழைய மீட்டர் கேஜ் மரப்பெட்டி. வெள்ளைக்காரன் காலத்தது. நல்ல கண்டிஷன்.' எங்கள் தண்டவாளமும் அதே அகலம்தான்.

தவுக்கே என்னிடம் மலாயில் சொன்னார்: "போய்ப் பார். நிஜம் என்றால் நிஜத்தின் விலை தருகிறேன். பொய்க்கு நிஜ விலை தர மாட்டேன். பொய்யே போதும் என்றால் தகரம் மலிவு."

தகரம் வந்தால் கொட்டகை மூடப்படும். நாங்கள் நான்கு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆகவே அந்தப் பெட்டி நிஜமாக இருக்க வேண்டுமே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. எனக்கு ஒன்று வேண்டியிருக்கும்போதுதான் என்னை ஏமாற்றுவது சுலபம் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சந்தேகத்தோடு போய் இறங்கினேன்.

*

மறுநாள் காலை பழைய துறைமுகத்துக்குப் போனேன். தோணிகள் வந்து கட்டும் இடம். தோணி என்றதும் ஆற்றில் துடுப்பு போடும் சின்னப் படகைத்தான் நான் நினைத்திருந்தேன். இது மாலத்தீவுக்குக் காய்கறியும் கல்லும் சுமந்து போகிற பெரிய மரக்கப்பல். இரண்டு தோணிகளைக் கரையேற்றிப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பட்டறையில்தான் ரயில் பெட்டியும் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கப்பல் பட்டறையில் ரயிலுக்கு என்ன வேலை? முதல் சந்தேகம் அதுதான்.

பட்டறைக்கு எதிரே அந்தோணியம்மாள் என்ற பெண்மணியின் டீக்கடை. ஓலைத் தட்டி, ஒரு ஸ்டவ், வாசலில் நீளமாக ஒரு பெஞ்சு. கடைக்குப் பொருந்தாத கனத்த பெஞ்சு. உட்கார்ந்து கருப்பட்டிக் காபி சொன்னேன். எங்கள் ஊர்க் கோப்பியில் மார்ஜரின் வாசம் தூக்கும். இதில் லேசாகப் புகை வாசம். நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வாய் குடிப்பதற்குள் தொடையில் சுரீர் என்றது. எறும்பு. ஒன்றல்ல, ஒரு படை.

"ஏம்மா, பெஞ்சில் சர்க்கரைத் தண்ணியைக் கொட்டினால் துடைக்க மாட்டீர்களா?"

"நான் என்னத்தக் கொட்டினேன் அண்ணாச்சி? இந்த பெஞ்சு வந்ததுலேருந்து அப்படித்தான். அந்தப் பக்கமா நவுந்து உக்காருங்க."

நகர்ந்தேன். அங்கேயும் கடித்தது. குடித்தவன் சீக்கிரம் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விடட்டும் என்று வேண்டுமென்றே எறும்பு வளர்க்கிறாளோ என்று தோன்றியது. நல்ல வியாபாரத் தந்திரம்தான். மனசுக்குள் குறித்து வைத்துக்கொண்டேன்.

பெட்டியை விற்பவர் செய்யது காக்கா. காயல்பட்டினத்துக்காரர். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, மகன்கள் எல்லாம் துபாயில். தோணிச் சாமான்களும் பழைய இரும்பும் வாங்கி விற்கிறவர். என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "வாங்க வாங்க, பசியாறியாச்சா?"

எனக்கு மூக்கில் வியர்த்தது. காலை உணவைப் பசியாறுதல் என்பது மலேசியாவில் நாங்கள் பேசுகிற பேச்சு. நம்மை வளைக்க எங்கேயோ கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார் என்று நினைத்தேன். காயல்பட்டினத்தில் தலைமுறை தலைமுறையாக இதே சொல்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

தார்ப்பாயை விலக்கினார்கள். அடேயப்பா! சொல்லாமல் இருக்க முடியவில்லை. தேக்கு பளபளத்தது. பித்தளைக் கைப்பிடிகள் மின்னின. ஜன்னல்கள் தொட்டால் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கின. எனக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த மறுகணமே இது எப்படி இவ்வளவு அழகாக இருக்கும் என்ற நினைப்பும் வந்துவிட்டது. அத்தனை வயதான எந்தப் பெட்டியும் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பெட்டிக்கு அடியில் ஏழெட்டுப் பூனைகள் படுத்திருந்தன. உள்ளே கருவாடு பதுக்குகிறார்களா? குனிந்து பார்க்கிற சாக்கில் மோந்து பார்த்தேன். மீன் வாடை குப்பென்று அடித்தது.

அடிச்சட்டத்தைத் தடவினேன். இரும்பு பழசு. ரிவிட்டுகள் அந்தக் காலத்தவை, சந்தேகமே இல்லை. மேற்கூரையின் வளைவு இரும்புகளும் அப்படியே. உள்ளே ஏறித் தரையைப் பார்த்தேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நகத்தால் கீறினால் பஞ்சு வந்தது. பஞ்சைத் திணித்து அதன் மேல் குங்கிலியம் காய்ச்சி ஊற்றியிருந்தார்கள். தண்ணீர் புகாமல் இருக்கக் கப்பலுக்குச் செய்கிற வேலை அது. எந்த ரயில் பட்டறையிலும் தரைக்குப் பஞ்சு அடைக்க மாட்டார்கள். ரயில் கடலில் மிதக்கவா போகிறது?

ஆக, மரம் முழுக்கப் புதுசு. பழைய இரும்பின் மேல் புதுப் பெட்டியைக் கட்டி, வெள்ளைக்காரன் காலத்தது என்று நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உஷாராகிவிடுவார்கள்.

"நல்லா இருக்கே காக்கா. ரொம்ப செலவாகியிருக்குமே?" என்று மட்டும் தூண்டில் போட்டேன்.

"ஆச்சுதான். நான் ஒண்ணும் கொற வைக்கல. பாத்துப் பாத்துப் பண்ணிருக்கு."

மழுப்புகிறார் என்று நினைத்தேன். மத்தியானம் அவர் வீட்டிலிருந்து கேரியரில் நெய்ச்சோறும் கறியும், ரவையில் முட்டை அடித்துச் சுட்ட தம்மடை என்ற பலகாரமும் வந்தன. சோறு போட்டுக் கண்ணை மறைக்கிற வேலை என்று தெரிந்தே, தம்மடையை மூன்று துண்டு தின்றேன். ருசி என்னமோ சத்தியமாக நிஜம்.

*

அடுத்த நாள் யாரிடமும் சொல்லாமல் உடன்குடிக்குக் கிளம்பினேன். பெட்டி பல வருஷம் அங்கே ஒரு கருப்பட்டி வியாபாரியின் குடோனாக இருந்தது என்று காக்கா பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். காதும் காதும் வைத்த மாதிரி விசாரித்துவிடலாம் என்று திட்டம்.

பஸ்ஸுக்கு முன்னால் போன உப்பு லாரி அச்சு முறிந்து ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் உப்பளம். கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம். எங்கள் ஊராயிருந்தால் இந்நேரம் மழை ஒரு ஆட்டம் ஆடியிருக்கும். பக்கத்து சீட்டு அம்மாள் பூவைத் தொடுத்துக்கொண்டே, "எங்க போறிய?" என்று கேட்டார். உளவு பார்க்கிறாரோ என்று, "திருச்செந்தூர், சாமி கும்பிட" என்று அவிழ்த்து விட்டேன்.

"நல்லாருப்பிய! எம் மவளுக்குக் காலுல ஆப்ரேசன். என்னால மேக்கொண்டு வர முடியல்ல. எனக்காவ ஒரு சூடம் ஏத்திருங்க." கையில் ஒரு நோட்டைத் திணித்துவிட்டு ஆறுமுகநேரியில் இறங்கிப் போய்விட்டார்.

வேறு வழியில்லை. திருச்செந்தூரில் இறங்கி, வரிசையில் நின்று, சூடம் ஏற்றிவிட்டுத்தான் உடன்குடி பஸ்ஸைப் பிடித்தேன். அந்த மகள் கால் சரியாகியிருக்க வேண்டும். அரை நாள் போயிற்று.

உடன்குடியில் செம்மண், பனை, மறுபடி பனை. கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்யும் பாக்கியத்தாய் என்ற பெண்மணியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாயில்லை. காதில் ஒயர் மாட்டி, சென்னைக்கு லோடு அனுப்புவது பற்றிப் பேசியபடியே என்னை உட்காரச் சொன்னார்.

"அந்த ரயிலு பெட்டியா? எங்க மாமனாரு காலத்துலேருந்து அதான் எங்க குடோனு. மேல இருந்தது அடியில இருந்தது எல்லாம் சேத்துக் கிரேன வச்சித் தூக்கிட்டுப் போனாவ. பெட்டி நல்ல பெட்டிதான். எறும்புதான் பெரிய சல்லியம்."

"எறும்பா?"

"மழைக்காலத்துல கருப்பட்டி இளகும்லா. இளகி இளகிப் பலகைக்குள்ளயே எறங்கிட்டு. பலகைய நக்கிப் பாத்தா இனிக்கும். எந்த மருந்து அடிச்சும் எறும்பு போவல்ல. செய்யது காக்காட்ட நான் சொல்லித்தான் குடுத்தேன். பொறவு வந்து யாரும் என்னய கேக்கக் கூடாது, பாத்துக்கிடுங்க."

இடத்தைக் காட்டினார். செம்மண்ணில் பெட்டி நின்ற தடம் நீளமாகக் கிடந்தது. அதில் இன்னும் எறும்புகள் எதையோ தேடிக்கொண்டிருந்தன.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பட்டறையில் நிற்கும் பெட்டியில் ஒரு எறும்பு இல்லை. அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தவன் நான். அப்படியானால் அது இந்தப் பெட்டியே இல்லை! அசலை எங்கேயோ பதுக்கி வைத்துக்கொண்டு, இரும்பை மட்டும் உருவி, எனக்கு நகலைக் காட்டுகிறார்கள். அசல் நாளைக்கு இன்னொரு நாட்டுக்காரனுக்குப் போகும். என் கொட்டகையும் மூன்று தச்சர்களும் கண் முன்னால் வந்து நின்றார்கள். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அந்த ஆத்திரத்தோடே அன்று ராத்திரி பொரிச்ச பரோட்டா தின்றேன். அதை எண்ணெயில் அப்பளம் மாதிரி பொரித்துத் தருகிறார்கள். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய் பார்த்தால் மயங்கி விழுந்துவிடும்.

*

காலையில் அந்தோணியம்மாள் கடையில் உட்கார்ந்து, என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். எறும்பு வழக்கம்போல் பிய்த்தெடுத்தது. சொறிந்துகொண்டே எழுந்து பட்டறைக்குள் நுழைந்தேன்.

அங்கே லியோன் மேஸ்திரி நின்றார். கப்பல் தச்சர்களை இந்தப் பக்கம் ஓடாவி என்பார்கள்; இவர் அவர்களுக்குத் தலைவர். காக்காவும் ஒரு நாற்காலியில் இருந்தார்.

"மேஸ்திரி, நேராகச் சொல்லுங்கள். இந்தப் பெட்டி பழசா, புதுசா?"

"பழசுதான் சார்."

"இந்தத் தரைப் பலகை?"

"அது புதுசு."

"இந்தச் சுவர்?"

"அதுவும் புதுசுதான்."

"சீட்டு?"

"புதுசு சார். எல்லாம் நல்ல தேக்கு."

"அப்புறம் எதுதான்யா பழசு?"

"பெட்டி பழசு சார்." எனக்குத்தான் ஏதோ கோளாறு என்பது போலப் பார்த்தார். தரையேறி நின்ற தோணியைக் காட்டினார். "இந்தா நிக்கே, இது எங்க ஐயா காலத்துத் தோணி. பலகை எல்லாம் எத்தனையோ மட்டம் மாத்தியாச்சு. அடியில கெடக்க ஏரா மரம் மாறல்ல. ஏரா மாறாத வரைக்கும் தோணி அதே தோணிதான். அதே பேருதான். ஒங்க பெட்டிக்கு ஏரா அந்த இரும்புச் சட்டம். அத நாங்க தொடவே இல்லையே."

"பழைய பலகையை ஏன் எடுத்தீர்கள்?"

"எறும்பு சார். மீன் எண்ணெய் அடிச்சிப் பாத்தோம், கீழ சட்டம் வரைக்கும் வழிஞ்சி கெடக்கு. பூனைதான் வந்துது, எறும்பு போவல்ல. வெளிநாட்டுலேருந்து ஆளு வாராரு, எறும்புப் பெட்டியவா குடுக்கது? அதான் முழுசா மாத்திட்டோம்."

காக்கா எழுந்து வந்தார். என் முகத்தைப் பார்த்து அவருக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். "என்ன விசயம்? மரம் சரியில்லையா?"

சொன்னேன். எங்களுக்குப் பழைய மரம்தான் வேண்டும், அதற்குத்தான் கூடுதல் விலை, மரம் புதுசு என்றால் விலை இறங்கும் என்றேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"புதுசுக்கு விலை கொறச்சலா? யா அல்லாஹ்! தேக்கு என்ன விலை விக்குது தெரியுமா? பழசுதான் வேணும்னு வந்த அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இந்த மரத்துக்கெல்லாம் செலவே பண்ணிருக்க மாட்டேனே! எறும்போட அப்படியே பாதி விலைக்குத் தந்திருப்பேனே!"

எனக்கு அசடு வழிந்தது. ஒருவரும் எதையும் மறைக்கவில்லை. கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். நான்தான் துப்பறியப் போய், முருகனுக்குச் சூடம் ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன்.

"அந்தப் பழைய பலகையெல்லாம் எங்கே?"

"கழட்டுன பலகை ஓடாவிமாருக்கு. எங்க பட்டறை வழக்கம் அது," என்றார் மேஸ்திரி. "முக்கால்வாசி அடுப்புக்குப் போச்சு. ஒருத்தன் கோழிக்கூடு அடிச்சான். ஒருத்தன் குசினிக்கு அலமாரி போட்டான். சீட்டுப் பலகைய மட்டும் நான் அந்தோணியம்மாளுக்குக் குடுத்தேன். அவ பெஞ்சு அடிச்சிக்கிட்டா."

என் கை தானாகத் தொடையைத் தடவிக்கொண்டது. இத்தனை நாளும் அசலின் மேல் உட்கார்ந்துகொண்டு அசலைத் தேடியிருக்கிறேன்.

தவுக்கேக்குப் போன் போட்டேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன்: இரும்பும் கூரையும் பித்தளையும் நிஜம், மரம் புதுசு, ஆனால் வேலை நம் தொழிற்சாலைகள் கனவிலும் செய்ய முடியாத வேலை.

"நம் எஞ்சினுக்கே கொதிகலனை மாற்றியிருக்கிறோம், தவுக்கே," என்றேன். "அதைப் பழசு என்றுதானே படம் எடுக்கிறார்கள்?"

"அதை மாற்றும்போது நீ அழுதாய், ஞாபகம் இருக்கிறதா?" என்றார். பிறகு சொன்னார்: "ஒரு மூலையாவது நிஜ மரமாக இருக்க வேண்டும். பயணிகள் தொட்டுப் பார்க்க ஒரு இடம். அது இருந்தால் பெட்டியை எடு. இல்லையென்றால் தகரத்துக்குச் சொல்லிவிடுவேன்."

ஆக, நான்கு பேர் பிழைப்பு ஒரு டீக்கடை பெஞ்சில் வந்து நின்றது.

*

இங்கேதான் என் புத்தி மறுபடி வேலையைக் காட்டியது. நேராகப் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் விலையை ஏற்றுவாளே என்று, "இந்த பெஞ்சு எனக்குப் பிடித்திருக்கிறது. சும்மா, ஒரு ஞாபகத்துக்கு. விலைக்குத் தருகிறீர்களா?" என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

அந்தோணியம்மாள் கிளாஸைக் கழுவுவதை நிறுத்தினார். "தெனமும் எறும்புன்னு ஏசுனிய. இப்ப பிடிச்சிருக்கா?"

"ஆமாம். புதுசு வாங்கப் பணம் தருகிறேன். கூடவே தருகிறேன்."

"என்ன இருக்கு அதுக்குள்ள?"

"ஒன்றுமில்லையே."

"ஒண்ணுமில்லாததுக்கா கப்பலேறி வந்து துட்டு குடுப்பாரு ஒருத்தரு?" இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "நேத்து உடன்குடி வரைக்கும் போயி விசாரிச்சிருக்கிய. உடன்குடி பஸ்ஸுல ஒங்களப் பாத்தவ ஒருத்தி வந்து சொன்னா. பலகைக்குள்ள முத்து வச்சிருக்காவளா? அந்தக் காலத்துல சலாபத்து முத்த ரயிலுலதான் கடத்துவாவளாம், எங்க தாத்தா சொல்லுவாவ."

சலாபம் என்றால் முத்துக் குளிப்பு. இந்தக் கடற்கரையில் அது நின்று எத்தனையோ காலமாகிறது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. நான் இல்லை இல்லை என்று பதறப் பதற, என் முகம் களவாணி முகமாகவே ஆகிக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. சந்தேகப்படுவதில் எனக்கு அனுபவம் உண்டு, சந்தேகத்துக்கு ஆளாவது புதுசு.

செய்தி பட்டறைக்குள் போக நேரம் ஆகவில்லை. தெருவுக்குள்ளிருந்து கோடரிச் சத்தம் கேட்டது. ஓடினேன். கோழிக்கூட்டுக்காரர் கூட்டைக் கவிழ்த்துப் போட்டு, கோழிகள் நாலா பக்கமும் பறக்க, என் பலகையைப் பிளந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் ஒரு அம்மாள் அலமாரியைச் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்கய்யா! முத்தும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "பழசு! பழசு என்பதற்காகத்தான் கேட்டேன்! எங்கள் ரயிலில் வைத்து ஜனங்களுக்குக் காட்டுவதற்கு!"

எல்லோரும் ஒரு கணம் என்னைப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள், பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு.

"ஏலே, கேட்டியா? எறும்புப் பலகைய டிக்கெட்டு போட்டுக் காட்டப் போறாராம்லே!"

முத்துக் கதையையாவது நம்புவார்கள், இதை எவன் நம்புவான்? லியோன் மேஸ்திரி ஒருவர்தான் சிரிக்கவில்லை. கோடரியைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு என்னைக் கடைக்கு அழைத்துப் போனார். பின்னால் தெருவே வந்தது.

அந்தோணியம்மாள் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "என் கண்ணு முன்னால அறுத்துக் காட்டுங்க. உள்ள ஒண்ணும் இல்லன்னா எடுத்துட்டுப் போங்க. எனக்கு எறும்பு இல்லாத பெஞ்சு ஒண்ணு அடிச்சித் தந்துருங்க. துட்டு வேண்டாம்."

"அறுத்தால் அசல் போய்விடுமே," என்றேன். குரல் எனக்கே பரிதாபமாகக் கேட்டது.

"அறுக்காட்டி பெஞ்சு இங்கனதான் கெடக்கும்."

மேஸ்திரி ரம்பத்தோடு என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினேன். நடுவில் குறுக்காக அறுத்து, இரண்டு துண்டையும் நிமிர்த்திக் காட்டினார். முத்து இல்லை. மேலிருந்து கீழே பாதி ஆழம் வரைக்கும் மரம் கறுத்திருந்தது. புகையும் இனிப்பும் கலந்து ஒரு வாசம் எழுந்தது. அந்தோணியம்மாள் விரல் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கருப்பட்டிதான்," என்றார். குரலில் அவ்வளவு ஏமாற்றம். கூட்டம் கலைந்தது.

அறுத்த பெஞ்சை ஒட்டி, பிளக்காமல் தப்பிய கூட்டுப் பலகைகளையும் அலமாரியையும் அதோடு சேர்த்தால் ஒரு மூலைக்குத் தேறியது. ஓடாவிகள் அவற்றை இழைத்துச் சுத்தம் செய்யப் போனார்கள். வேண்டாம், அப்படியே வையுங்கள் என்று கும்பிட்டேன். அந்தோணியம்மாளுக்குப் புதுத் தேக்கில் பெஞ்சு வந்தது. விலை பேசும்போது காக்கா சொன்னார்: "புது மரத்துக்குக் காசு கேட்டா நீங்க அழுவிய. கேக்கலன்னா நான் அழுவேன். ஆளுக்குப் பாதி அழுவோம்." ஒத்துக்கொண்டேன். கிளம்பும்போது தம்மடை ஒரு டப்பா நிறையக் கொடுத்தார். இந்த முறை மோந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

*

பெட்டி கப்பலேறி எங்கள் ஊர் வந்து சேர்ந்தது. ஏற்றுமதிக்கு முன் மரத்துக்குப் புகை போட்டதில் தூத்துக்குடி எறும்புகள் எல்லாம் செத்துவிட்டன. ஆனால் கொட்டகையில் நிறுத்திய ஒரு வாரத்துக்குள் எங்கள் ஊர் எறும்புகள் அந்த மூலையை மட்டும் கண்டுபிடித்து வரிசை கட்டிவிட்டன. என் தச்சர்கள் மருந்து அடிக்கவா என்றார்கள். தொடாதே என்றேன். மழை கொட்டும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வருவதில்லை; பஞ்சு அடைத்த புண்ணியம். இரும்பு பழசு, மரம் புதுசு, மூலை பெஞ்சு அசல் என்று தவுக்கே வாசலில் எழுதி மாட்டியிருக்கிறார். யாரும் படிப்பதில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை, பினாங்கிலிருந்து வந்த ஒரு தமிழர், என் வயதுதான் இருக்கும், பெட்டி முழுக்கச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மூலை பெஞ்சில் சற்று உட்கார்ந்து, குனிந்து மோந்தார். பிறகு என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"பெட்டி அருமை. தரை, சுவர் எல்லாம் அசல், எனக்குத் தெரியும். ஆனா மூலையில ஒரு பெஞ்சு வச்சிருக்கீங்க பாருங்க, நடுவுல அறுத்து ஒட்டி, அழுக்கு பூசி. அது டூப்ளிகேட்டு லா. பழசு மாதிரி காட்ட யாரோ செஞ்சு உங்க தலையில கட்டிட்டான். என்னை ஏமாத்த முடியாது."

ஒரு கையால் தொடையைச் சொறிந்துகொண்டே நின்றார். தூத்துக்குடியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கண்ணைப் பார்த்தேன். கண்ணாடியில் தினமும் பார்க்கிற கண்தான். நான் என்ன சொன்னாலும் நம்பப் போவதில்லை.

"அந்தப் பக்கமா நகர்ந்து உட்காருங்க," என்றேன்.